எட்டு சதவீதம் நிக்கல்

பாத்திரக் கடைக்குக் காந்தம் எடுத்துக்கொண்டு போன தலைமுறை நம்முடையது. என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையம் அம்மாக்களின் கைப்பையில் பஸ் டிக்கெட்டுகளோடு கிடக்கும். கடையில் குடத்தை எடுத்து, விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டு, பிறகு காந்தத்தை வைப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். ஒட்டினால் மட்டம். அதற்குமேல் கேள்வி கிடையாது. சில கடைக்காரர்கள் தாங்களே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்தச் சோதனை முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இரும்புத் தகட்டுக்கு முலாம் பூசி விற்றவர்கள் இருந்தார்கள். நிக்கலே சேர்க்காத மலிவான ரகமும் இருந்தது. அவற்றைக் காந்தம் காட்டிக்கொடுத்தது. காந்தத்துக்குத் தெரியாத விஷயங்கள் வேறு இருந்தன. அவை என் அக்காவுக்குத் தெரிந்திருந்தன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதிமூன்று வயது. மயிலாப்பூரில், பங்குக் கோயிலின் மணி வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். அம்மா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அக்கா வேதியியல் படித்துவிட்டு, கிண்டி தொழிற்பேட்டையில் உலோகங்களைச் சோதித்துச் சான்று தரும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவள் விரல் நுனிகளில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும். அமிலம் பட்ட கறை, சோப்புக்குப் போகாது. மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்த அன்று, "மஞ்சள் அரைச்சியாம்மா?" என்று கேட்டார். அக்கா, "இல்லைங்க, நைட்ரிக் ஆசிட்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதை நல்ல சகுனமாக அம்மா எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாத்திரம் துலக்கிக் கவிழ்க்கும்போது வகை பிரிப்பாள். ஸ்பூன்களையும் சில மூடிகளையும் ஒரு பக்கம் தள்ளி, "இதெல்லாம் குரோமியம் மட்டும். நிக்கல் கிடையாது. காந்தம் கப்புன்னு புடிக்கும். அதுக்காகக் கெட்டதுன்னு இல்ல, ஸ்பூனுக்கு இது போதும்" என்பாள். டம்ளர்களையும் குடத்தையும் இன்னொரு பக்கம் வைத்து, "இது பதினெட்டு எட்டு" என்பாள். நூறு பங்கில் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல், மிச்சம் பெரும்பாலும் இரும்பு. குரோமியம்தான் துரு பிடிக்காமல் காக்கிறது. பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை அது போட்டுவிடுகிறது; கீறினால் தோல் தானாகத் திரும்ப வளர்கிறது. நிக்கல் தகட்டை இளக்கமாக வைக்கிறது. குடமாக இழுத்தாலும் விரிசல் விடாது. எனக்கு இதெல்லாம் பாடமாக ஒட்டவில்லை. தோல் வளரும் என்பது மட்டும் பிடித்தது. ஒரு டம்ளரை ஆணியால் கீறிவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை என்னை லேபுக்கு அழைத்துப் போனாள். அரை நாள் வேலை. ஒரு பாத்திரத் துண்டில் துளை போட்டு எடுத்த சுருள்களைத் தராசில் நிறுத்து, அமிலத்தில் போட்டாள். பழுப்புப் புகை கிளம்பிக் கண்ணாடிக் கூண்டுக்குள் மேலே போனது. கரைசல் பச்சையானது. பிறகு ஏதேதோ சேர்த்தாள். கடைசியாக ஸ்பிரிட்டில் கரைத்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பச்சைக்குள் சிவப்பு வந்தது. ரோஜாப் பாலைவிட அடர்த்தியான சிவப்பு, பஞ்சு மாதிரி திரண்டு அடியில் இறங்கியது.

"இதான் நிக்கல். வடிகட்டி, காய வெச்சு, நிறுத்தா எத்தனை பங்குன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

பக்கத்து மேசையில் இன்னொரு குடுவை இருந்தது. கத்தரிப்பூ நிறம். அது மாங்கனீசு என்றாள். "நிக்கல் விலை அதிகம். அதனால நிக்கலைக் குறைச்சிட்டு மாங்கனீசு போட்டு ஒரு ரகம் இப்போ நிறைய வருது. பார்க்க அதே பளபளப்பு. காந்தமும் ஒட்டாது. ஆனா உப்புத் தண்ணி தாங்காது, புள்ளி விழும்."

"அப்ப காந்தம் வெச்சா கண்டுபிடிக்க முடியாதா?"

"காந்தத்துக்கு அவ்வளவு படிப்பு கிடையாது" என்றாள். அவள் அந்த வேலையில் இருந்த நாட்களில் இப்படித்தான் பேசுவாள்.

மாப்பிள்ளை இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க். வீடு அசோக் நகரில். அப்பா இல்லாதவர்; பெரியப்பாதான் குடும்பத்துக்கு எல்லாம். அந்தப் பெரியப்பா ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லவும் என்பது வாசகம். முதல் ஓலை வாசித்தால் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். இரண்டாவதற்குப் பிறகு நின்றுபோனால் பெண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள்.

முதல் ஓலை முடிந்த வாரம் சீர்ப் பாத்திரம் வாங்க தி. நகர் போனோம். கடையை அக்கா தேர்ந்தெடுத்தாள். காந்தம் எடுத்துக்கொள்ளவில்லை. தகட்டின் கனத்தை ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், கடைக்காரரிடம் எந்த ஆலைத் தகடு என்று கேட்டாள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். குடம் மூன்று, அண்டா ஒன்று, தட்டுகள், சம்புடங்கள், தூக்குவாளி என்று ஐம்பத்தொரு உருப்படி. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டினார். மின்சார ஊசி தகட்டில் படும்போது பல்லில் கூசும் சத்தம் வரும். அக்காவின் இனிஷியல், மாப்பிள்ளையின் இனிஷியல், நடுவில் ஒரு சிலுவை. புள்ளி புள்ளியாக எழுத்து.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் சீர் பார்க்க வந்தார்கள். ஆறு பேர். ஹாலில் பாய் விரித்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தோம். ட்யூப்லைட் வெளிச்சம் ஐம்பத்தொரு இடத்தில் தெரிந்தது. பெரியப்பா நாற்காலியில் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயின் ஓரத்தில் குந்தினார்.

"இன்னா சம்பந்தி, எங்க வாங்கினீங்க?"

"தி. நகர்ல" என்றார் அப்பா.

"தி. நகரா? அங்க நம்மளையே நமக்கு வித்துட்டுப் பை போட்டுக் குடுப்பான்." அவரே சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து லாட வடிவக் காந்தம் ஒன்றை எடுத்தார். சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்த பட்டறைக் காந்தம். "முப்பத்தஞ்சு வருஷம் இரும்போட குடும்பம் நடத்துனவன் நானு. பாத்துடலாம்."

குடத்தின் கழுத்தில் வைத்தார். கையை எடுத்தார். காந்தம் விழவில்லை. பலமாகப் பிடிக்கவில்லை, ஆனால் விழவில்லை.

இன்னொரு குடம். அதுவும் அப்படியே. அண்டாவின் விளிம்பு, தூக்குவாளியின் வாய். ஒவ்வொன்றிலும் மெல்லிய டிக் சத்தம் கேட்டது. நான் உதவி செய்யும் உற்சாகத்தில் அடுத்தடுத்த பாத்திரத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முதுகைக் கிள்ளிய பிறகுதான் நிறுத்தினேன்.

"ஒட்டிக்கினு கீதே சம்பந்தி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் பேசும் டாக்டர் மாதிரி இருந்தது.

அக்கா காபித் தட்டோடு வந்திருந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் நின்றாள்.

"அது மட்டத் தகடு இல்ல மாமா. நல்ல தகடுதான். குடமா இழுக்கும்போது கழுத்துல தகடு ரொம்ப அழுந்தும். உள்ளே இருக்கிற அணு அடுக்கு அங்க கொஞ்சம் கலைஞ்சிடும். கலைஞ்ச இடத்துல லேசா காந்தம் புடிக்கும். அடிப்பக்கம் இழுபடல, அங்க வெச்சுப் பாருங்க, ஒட்டாது."

அவர் குடத்தைக் கவிழ்த்து அடியின் நடுவில் வைத்தார். காந்தம் வழுக்கிப் பாயில் விழுந்தது. ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாத்தியா! அடியில ஒட்டல, வாயில ஒட்டுது. அப்ப இன்னா அர்த்தம்? அடிக்கு ஒரு தகடு, வாய்க்கு ஒரு தகடு. ரெண்டையும் பத்த வெச்சு மெருகு ஏத்திட்டான் படுபாவி." கட்டைவிரல் நகத்தால் குடத்தின் வயிற்றைச் சுற்றித் தேடினார். "வேலைக்காரன் கெட்டிக்காரன்யா. ஒட்டே தெரியல."

"ஒட்டு இல்ல மாமா. ஒரே தகடு."

"இன்னாம்மா, எனக்கே பாடம் எடுக்கற?"

"பாடம் இல்ல. நான் தினமும் பார்க்கிற வேலை இது."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அப்பாவின் முகம் மாறியது.

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க வெச்சுப் பாருங்களேன்."

அவர் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் பெரியப்பா பாத்துட்டாரே" என்றார்.

பெரியப்பா எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான், அது உங்க தப்பு இல்ல சம்பந்தி. ஆனா பெரியவன் ஒண்ணு சொன்னா அதுக்கு மேல ஒண்ணு பேசற பழக்கம் எங்க வூட்ல இல்ல. மூணாவது ஓலைக்கு இன்னும் ஒரு வாரம் கீது. பொருளையும் மாத்துங்க. பேச்சையும் மாத்திக்கினு, சனிக்கிழமை பொண்ணையே கூட்டிக்கினு வாங்க. அது வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் ஓலை படிக்கச் சொல்றேன்."

பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மிக்சரை அவர் புகழ்ந்தார்.

திங்கட்கிழமை காலை அக்கா ஒரு சம்புடத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். புதன்கிழமை ஒரு தாளோடு வந்தாள். லேபின் பேர் அச்சடித்த தாள், தட்டச்சு எழுத்து, கீழே அவள் முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும். குரோமியம் 18.3. நிக்கல் 8.1. மாங்கனீசு 1.2. கார்பன் 0.06. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார். படித்து முடித்து ஒருமுறை தலையாட்டினார்.

"நீ சொன்னது சரி" என்றார்.

"அப்ப இதை எடுத்துட்டுப் போய்க் காட்டலாம்பா."

"காட்டினா?"

"அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அவர் தப்புன்னு ஆகும். தம்பி சம்சாரம், தம்பி மகன் எல்லார் எதிர்லயும். ரெண்டு ஓலை படிச்சாச்சு. கோயில்ல கேட்காத ஆள் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "சரியா இருக்கறதுனால உனக்கு என்னம்மா கிடைக்கப்போகுது?"

"சரியா இருக்கறது கிடைக்கும்."

"அதை வெச்சுட்டு என்ன பண்ணுவே?"

இப்போது யோசித்தால், அப்பா அக்காவை நம்பாமல் இருந்திருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். அவர் நம்பினார். தாளை நான்காக மடித்துக் கல்யாணப் பத்திரிகைக் கட்டின் அடியில் வைத்தார். பத்திரிகைகள் கொடுத்துத் தீர்ந்த பிறகு அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை.

"உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு" என்று அம்மா சமையலறையில் கேட்டாள். "எதைப் பிடிக்கலைன்னு சொல்றது?" என்றாள் அக்கா. மாப்பிள்ளை நல்லவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கும் இல்லை. அதற்கு முன்னால் இருமுறை தேடி வந்து பேசியிருக்கிறார். இரண்டாம் முறை, கல்யாணத்துக்குப் பிறகும் லேபுக்குப் போகலாம் என்று சொன்னாராம்.

வியாழக்கிழமை ஒரு மெட்டடார் வேனில் ஐம்பது உருப்படிகளை ஏற்றிக்கொண்டு திரும்பத் தி. நகர் போனோம். லேபில் துளை போட்ட சம்புடம் இல்லாததால் ஐம்பது. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"சார், இது நல்ல சரக்கு. கழுத்துல, விளிம்புல லேசா புடிக்கத்தான் புடிக்கும். நாங்க இன்னா பண்ண முடியும்? எங்க அப்பா காலத்துல இருந்து இதைச் சொல்லிக்கினே கீறோம், யாரு கேக்கறாங்க?"

"ஒட்டாததா வேணும்" என்றார் அப்பா.

"மேல் தட்டுல கீது. காந்தத்தோட வர்றவங்களுக்குன்னே வர்ற சரக்கு. இழுத்தப்புறம் உலையில வாட்டி எடுத்துடறாங்க, எங்க வெச்சாலும் ஒட்டாது. ஆனா தகடு வேற. மாங்கனீசு." அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லக் கூடாதாம்மா?"

அக்கா கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். "அப்பா சொல்றதைக் குடுங்க" என்றாள்.

"பேர் வெட்டினது சார். இனிமே இது புதுசு கிடையாது. மெருகு போட்டு அழிச்சாத்தான் விக்க முடியும்."

"அழிச்சுக்கங்க" என்றார் அப்பா.

மேல் தட்டுச் சரக்கு கீழே வந்தது. உண்மையைச் சொன்னால், பழையதைவிட அது அதிகமாகப் பளபளத்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது. வாசலில் ஸ்டூலில் இருந்தவர் மறுபடியும் ஊசியை எடுத்து, "இன்னா பேரு?" என்று கேட்டார். எங்களை அவருக்கு நினைவில்லை. அக்கா குனிந்து இரண்டு இனிஷியலையும் சொன்னாள். அவர் சரியாகக் கேட்காததால் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள்.

புதிதில் ஒரு மூடியை அவள் வெள்ளிக்கிழமை லேபுக்குக் கொண்டுபோனாள். அன்று மாலை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணே கால்" என்றாள்.

"என்னது?"

"நிக்கல். மாங்கனீசு ஒன்பது. குரோமியம் பதினஞ்சுதான்."

"அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா, சரிம்பாரு" என்றாள். இரண்டு வெங்காயத்தை எடுத்து அவளும் உரித்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அசோக் நகர். அப்பா, அக்கா, ஆப்பிள் பையோடு நான். புதுக் குடம் ஒன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அப்பா தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் அது முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அவர்கள் வீட்டில் முன்னறை நிறைய ஆட்கள். பெரியப்பா குடத்தை வாங்கிக் கழுத்தில், வயிற்றில், விளிம்பில், அடியில் என்று காந்தத்தை வைத்தார். ஒவ்வொரு முறையும் காந்தம் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. பொய்யான சந்தோஷம் இல்லை. ஒரு குடும்பத்தை ஏமாறாமல் காப்பாற்றிய மனிதரின் சந்தோஷம்.

"இது எவர்சில்வர்" என்றார். எல்லோரையும் பார்த்துக் குடத்தைத் தூக்கிக் காட்டினார். "இது!"

பிறகு எல்லோரும் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. அவர் கைகள் மடியில் இருந்தன.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு மாமா. எனக்குச் சரியாத் தெரியாம பேசிட்டேன்" என்றாள் அக்கா. தராசில் எண் பார்த்துச் சொல்கிற அதே குரல். அழவில்லை. தலையும் குனியவில்லை.

"பரவால்லம்மா, பரவால்ல. படிப்பு வேற, பட்டறை வேற. இப்பத் தெரிஞ்சுக்கினியே, அது போதும்." என் பக்கம் திரும்பினார். "இன்னா பாப்பா, நீ கூட லேபுக்கெல்லாம் போனியாமே? அங்க இன்னா பாத்த?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "நிக்கல் பாத்தேன். சிவப்பா, பஞ்சு மாதிரி."

அறையே சிரித்தது. "குடத்துக்குள்ள பஞ்சாம்!" என்று மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா என் கன்னத்தைத் தட்டினார். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்பா கூடச் சிரித்தார். அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளும் உதட்டை லேசாக விரித்தாள். கேசரி வந்தது.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் என்ற இடத்தில் வழக்கம்போல் யாரோ இருமினார்கள். திங்கட்கிழமை அக்கா வேலையை விட்டாள். விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையே ஏன் என்று கேட்டாராம். "பஸ் ரெண்டு மாறணும்" என்று சொன்னாளாம். கல்யாணம் மழையில்லாமல் நடந்தது. பிரியாணி பத்தாமல் போய் இன்னொரு அண்டா ஏற்றினார்கள். கல்யாண போட்டோக்களில் அவள் விரல்களில் கறை இல்லை. அதற்குள் உரிந்து போயிருந்தது.

அந்தப் பெரியப்பா கெட்டவர் இல்லை. அக்காவின் முதல் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது பழைய பட்டறை ஆட்கள் எட்டுப் பேரைக் காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். மாப்பிள்ளையும் நல்ல கணவராகவே இருந்தார், இருக்கிறார். அப்பா ரிட்டையர் ஆன பிறகு ஒருநாள் என்னிடம், "அந்த ஒரு வாரம் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தா இந்தக் குடும்பமே அமைஞ்சிருக்காது" என்றார். நான் மறுக்கவில்லை. அமைந்திருக்காது என்பது உண்மைதான்.

அவர்கள் பிற்பாடு பாலவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றில் உப்புத் தண்ணீர், காற்றிலும் உப்பு. இரண்டாவது மழைக்காலத்துக்குள் குடங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. குண்டூசித் தலை அளவு, நூற்றுக்கணக்கில். மாமியார் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். "எவர்சில்வர்ல புள்ளி விழுமா? தேய்க்கற கை சரியில்ல" என்றார். "தண்ணி சரியில்ல போல அத்தை" என்றாள் அக்கா. முதலில் வாங்கிய ஐம்பதும் பேர் அழிக்கப்பட்டு யார் யார் வீட்டுக்கோ போயிருக்கும். அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நான் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக் குறிப்புகள் பகுதிக்கு வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் தரமானது. மூன்று வரி இடம் காலியாக இருந்தது. குறிப்பு மூன்று வரிதான் வந்தது. போட்டேன்.

ஒரு விடுமுறை நாள் பாலவாக்கம் போயிருந்தேன். அக்கா மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் அவள் மகள், ஏழாம் வகுப்பு, அறிவியல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கலப்பு உலோகங்களின் பட்டியல். பித்தளைக்குச் செம்பு, துத்தநாகம் என்று எழுதிவிட்டாள். வெண்கலத்துக்கும் எழுதிவிட்டாள்.

"அம்மா, துருப்பிடிக்காத எஃகுன்னா எவர்சில்வர்தானே? அதுல என்னென்ன இருக்கு?"

கத்தி நிற்கவில்லை.

"தெரியலடி. அப்பா வரட்டும், கேளு."

"அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ்தான் தெரியும்" என்றாள் குழந்தை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சித்தி, உங்களுக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பீன்ஸின் இரண்டு முனைகளையும் கிள்ளி, நார் உரித்து, ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் சொல்லிட்டாங்களே, அப்பா வரட்டும்" என்றேன்.

குழந்தை இரும்பு என்று எழுதி, பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, இரண்டு சொல்லுக்கு இடம் விட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.